ஜீப்பில் ஒட்டியிருந்த டார்ச்

வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் கண்ணில் பட்டது திறந்து கிடந்த ஒரு ஜீப் பானெட். அதற்குள் தலையை நுழைத்து நின்ற ஆளை அப்புறம்தான் பார்த்தேன்.

காலை நேரம்தான். ஆனாலும் மழை விட்டு மூட்டம் இறங்கியிருந்தது. டீக்கடை ஆவியும் மூட்டமும் கலந்து எதிர்ப்பக்கக் கடைகளே தெரியவில்லை. ஜீப் எஞ்சினுக்குள் மட்டும் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. பானெட்டின் உட்புறத்தில் தலைகீழாக ஒரு டார்ச். கட்டியிருக்கவில்லை, மாட்டியிருக்கவில்லை. சுவரில் பல்லி இருப்பது போல ஒட்டிக்கொண்டிருந்தது.

பித்தளை டார்ச். உள்ளங்கை நீளம் இருக்கும். பின்மூடியிலிருந்து ஒரு விரல் தள்ளி, உடம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடியது.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. அது நான் கடைந்த டார்ச். என் வீட்டு லேத்தில், என் கையால் கடைந்தது. அந்த மாதிரி இந்த உலகத்தில் இரண்டுதான் உண்டு. ஒன்று என் கைப்பைக்குள் இருந்தது. மற்றொன்று என் மகள் சபீனாவிடம் இருக்க வேண்டும்.

சபீனா அந்த மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கள்ளக்குறிச்சியிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் ஏறி, வெள்ளிமலையில் இறங்கி, அங்கிருந்து ஜீப்பில் போவாள். அன்று நான் அவளுக்கு அடுத்த பஸ்ஸில் பின்னால் வந்தது அவளுக்குத் தெரியாது. நான் பாடம் நடத்துகிற கல்லூரிக்கு லீவு சொன்னது என் வீட்டுக்காரருக்கும் தெரியாது.

ஏன் அப்படித் திருட்டுத்தனமாகப் போனேன் என்பதைச் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் டார்ச்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மூடி தொலைத்தவர்கள்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்காக ஒரு வரி: நான் ஒரு பாலிடெக்னிக்கில் பட்டறை ஆசிரியை. லேத் என்கிற கடைசல் மெஷினில் இரும்பையும் பித்தளையையும் கடையப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். என் வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் எலக்ட்ரிக்கல் சாமான் கடை வைத்திருக்கிறார். அவருடைய அத்தா, அதாவது என் மாமனார், ஆரம்பித்த கடை.

சேலம் பக்கம் மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து சின்ன லேத் ஒன்று வீட்டுக்கு வந்தது. மேசை மேல் வைத்து ஓட்டுகிற அளவுதான். நாலு பேர் தூக்கி பின்கட்டு அறையில் இறக்கியபோது பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "இன்னா ரஹீமா, தையல் மெஷினு இவ்ளோ கனமாவா வருது?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

டார்ச் பக்கம் என்னை இழுத்தது கடைக்கு வந்த ஒரு ரிஷிவந்தியம் விவசாயி. ஒரு பழைய டார்ச்சின் பின்மூடியைத் தொலைத்துவிட்டு, கொட்டாங்கச்சித் துண்டை வைத்து சைக்கிள் டியூபால் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"மூடி மட்டும் குடு பாய்."

"மூடி தனியா வராதுங்க. புது டார்ச்சே வாங்கிக்குங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"செருப்பு அறுந்தா காலையா மாத்திக்கினு வருவாங்க?"

அந்த டார்ச் சாயங்காலம் என் லேத்துக்கு வந்தது. மூடி திருகி ஏறுகிற மரையை அளந்து, பித்தளையில் ஒரு மூடி கடைந்து கொடுத்தேன். அவர் அதைத் திருகிப் பார்த்து, கழற்றி, மறுபடி திருகி, கடை வாசலிலேயே நின்று பட்டப்பகலில் சூரியனுக்கு எதிரே டார்ச் அடித்துப் பார்த்தாராம். பிறகு மூடி தொலைத்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கண்ணாடி வளையம் உடைந்தவர்கள் வந்தார்கள். ஒரு நாள் மூடியும் வளையமும் எதற்கு, முழு உடம்பையே கடைந்தால் என்ன என்று எனக்கே தோன்றியது.

சபீனாவுக்கு மலையில் வேலை கிடைத்தபோது ஒரே பித்தளைத் தடியிலிருந்து இரண்டு டார்ச் கடைந்தேன். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

அந்த இரண்டுக்கும் ஒரு தனிக்குணம் உண்டு. மரை வெட்டும்போது லேத்தில் பல்சக்கரங்களை மாற்றி மாற்றிப் போட வேண்டும். எங்கள் லேத் வாங்கும்போதே அவற்றில் ஒன்று இல்லை. ஊர்க்காரர்களின் மூடிகளுக்கு அது தேவைப்படவில்லை. என் டார்ச்சின் அளவுக்கு, இருப்பதை வைத்து வெட்டினால், கடைகளில் கிடைக்கிற எந்த அளவிலும் சேராத ஒரு மரை வரும். நான் கடைந்த மூடி நான் கடைந்த டார்ச்சில் மட்டும்தான் ஏறும். வேறு எந்த டார்ச்சின் மூடியும் என் டார்ச்சில் ஏறாது.

அந்தக் கோடு என் தவறு. சபீனாவின் டார்ச்சைக் கடையும்போது மின்சாரம் ஒரு நொடி போய் வந்தது. வெட்டுகிற டூல் பித்தளைக்குள் பதிந்துவிட்டது. அதையே சுற்றிலும் சீராக வெட்டி, டிசைன் என்று சொல்லிவிட்டேன். ஜோடி கெடக்கூடாது என்று என்னுடையதிலும் ஒன்று போட்டேன்.

பையில் ஒரு ஃபியூஸ் கட்டை

சபீனாவுக்கும் லேத் நன்றாக வரும். படிக்கிற காலத்திலிருந்தே லீவு நாட்களில் என் பக்கத்தில் நின்று பழகியவள்.

வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் அவள் மரை வெட்டிக்கொண்டிருந்தாள். தலையைக் கொண்டை போட்டு கிளிப் மாட்டியிருந்தாள். மரை சரியாக விழுகிறதா என்று குனிந்தாள். கிளிப் தெறித்தது. கொண்டை அவிழ்ந்து தோளைத் தாண்டி முன்னால் விழுந்தது. சுற்றுகிற லேத் முடியைப் பிடித்து இழுத்தது.

நான் அறையின் மறுகோடியில் பித்தளைச் சுருள்களைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். மெயின் சுவிட்சுக்கும் எனக்கும் நடுவே ஒரு மேசை. அந்த மேசையை எப்படித் தாண்டினேன் என்று இன்றுவரை தெரியாது.

லேத்தின் பெல்ட் தளர்ந்திருந்தது. அதை இறுக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் பல நாட்களாகச் சொல்லிக்கொண்டே இருந்தார், செய்யவில்லை. அந்தத் தளர்ந்த பெல்ட் வழுக்கியதால்தான் பொருளைப் பிடித்துச் சுற்றுகிற சக் திணறி நின்றது. இடது காதுக்கு மேலே ஒரு கைப்பிடி முடி, கொஞ்சம் தோல். அதோடு போயிற்று.

அதோடு போயிற்று என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பெல்ட் வழுக்கிய சத்தம் எனக்குப் போகவில்லை. வீட்டில் கிரைண்டர் ஓடினால் நான் வாசலுக்குப் போய்விடுவேன். இப்போது மாவு கடையில்தான் வாங்குகிறோம். கல்லூரியில் பெண் பிள்ளைகள் லேத் பக்கம் போனால், தலையைத் தொட்டுப் பார்க்காமல் விடுவதில்லை. என்னைப் பார்த்தாலே தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள்.

அன்றைக்கே லேத் மேல் படுதாவைப் போட்டேன். அந்த அறைக்குப் போகிற மின்சாரத்தின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். பீரோவில் வைத்தால் யாராவது எடுப்பார்கள் என்று கைப்பையில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் சில்லறைக்குக் கை விட்டால் அந்தப் பீங்கான் கட்டைதான் முதலில் கையில் தட்டுப்படும். தட்டுப்பட்டால் ஒரு நிம்மதி.

லேத் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த அறைக்குள் நான் போவதே இல்லை.

சாமையும் தொப்பியும்

நான் சந்தேகப் பிராணி என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பால் பாக்கெட்டை முகர்ந்து பார்த்துத்தான் வெட்டுவேன். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பேன், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுப்பேன். ஆனால் போன மழைக்காலத்தில் நான் கண்டவை எல்லாம் என் கற்பனை இல்லை.

முதலில் சாமை. சபீனா மலையிலிருந்து வாரம் தவறாமல் சாமை கொண்டுவந்தாள். பிறகு ஒரு பாட்டில் தேன். பிறகு ஒரு பை நிறையக் கடுக்காய்.

"யாருடி இதெல்லாம் குடுக்கிறாங்க?"

"கூட வேல செய்றவங்கம்மா. அவங்க நெலத்துல ஜாஸ்தியா வெளஞ்சிருக்கு."

"கடுக்காயுமா நெலத்துல வெளையுது?"

"ஐயோ அம்மா, ஆக்கிக் குடு, பசிக்குது."

இரண்டாவது, சனிக்கிழமை. எனக்குச் சனிக்கிழமை கல்லூரி உண்டு, அவளுக்குப் பள்ளி லீவு. சொந்தத்தில் ஒரு கல்யாணம் சனிக்கிழமை வந்தது, தலைவலி என்று போகவில்லை. திருநாவலூர் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வருவதாக ஒரு குடும்பம் சொல்லி அனுப்பியது. சனிக்கிழமை வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்றாள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். கிழமையை மட்டும் மாற்றச் சொல்கிறாளே என்றுதான் உறுத்தியது.

மூன்றாவது, என் வீட்டுக்காரரின் தொழுகைத் தொப்பி. துவைக்கப் போட்டிருந்த பழைய வெள்ளைத் தொப்பி ஒன்றின் ஓரத்தில் கறுப்பாக எண்ணெய்க் கறை.

"இன்னாங்க இது?"

அவர் தொப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பள்ளிவாசல்ல ஃபேனுக்கு எண்ணெ போட்டாங்க. தெறிச்சிருக்கும்."

"ஃபேன் ஓடும்போதா எண்ணெ போட்டாங்க?"

"வந்துட்டாங்க இன்ஸ்பெக்டரம்மா! சபீனா, உங்கம்மாவுக்கு ஒரு தடி வாங்கிக் குடுக்கணும்."

சபீனா சிரித்தாள். அவள் சிரித்த விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அவளும் அவரும் ஒரே நேரத்தில் சிரித்து, ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

தகப்பனும் மகளும் சேர்ந்து என்னிடம் ஒன்றை மறைக்கிறார்கள். மகளை எவனோ ஒருவன் மலையில் பார்த்துவிட்டான், சாமையும் தேனும் அவன் வீட்டிலிருந்து வருகிறது, தகப்பனுக்கும் அது தெரியும். இப்படித்தான் கணக்குப் போட்டேன். எண்ணெய்க் கறை மட்டும் அதில் எங்கும் சேரவில்லை. அதை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மலைக்கு பஸ் ஏறினேன்.

"நீங்க ஃபாரஸ்டா?"

"டார்ச் நல்லா இருக்கே," என்றேன் ஜீப்பருகே போய்.

பானெட்டுக்குள்ளிருந்து தலை வரவில்லை. குரல் மட்டும் வந்தது. "டார்ச்சு நல்லாத்தான் இருக்கு. வண்டிதான் நல்லா இல்ல."

"எங்க வாங்கினீங்க?"

"வாங்கல. குடுத்தாங்க."

"யாரு?"

இப்போது தலை வெளியே வந்தது. முப்பது வயது இருக்கும். மூக்கின் மேல் கிரீஸ். என் முகத்தை, கைப்பையை, செருப்பை என்று வரிசையாகப் பார்த்தார்.

"இன்னாம்மா, நீங்க ஃபாரஸ்டா?"

"இல்லப்பா."

"போலீஸா?"

"டீச்சருப்பா."

முகம் மலர்ந்தது. "டீச்சரா! எந்த ஸ்கூலு?"

"கீழ. கள்ளக்குறிச்சி."

"கீழயா," என்றார். மலர்ந்த முகம் உடனே சாத்திக்கொண்டது.

டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டே கத்தினார். "கோவிந்தா, அது மொயல் வேட்டைக்குப் போற லைட்டான்னு கேக்குறாங்கடா!"

"சும்மா இருண்ணே. இத வெச்சி மொயல எங்க பிடிக்கிறது? ரேடியேட்டர் ஓட்டையத்தான் பிடிக்கலாம்."

"போன்ல லைட் இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"இருக்கு. போன ஒரு கையில பிடிச்சா ஸ்பேனர எதாலம்மா பிடிக்கிறது? வாயில கவ்விக்கினு எத்தினி நாளு பாக்குறது?"

பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கை நீட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பானெட்டிலிருந்து பிய்த்துக் கொடுத்தார்.

பின்மூடியைத் திருப்பினேன். அதன் நடுவே வட்டமாக ஒரு குழி கடைந்து, அதற்குள் ஒரு காந்தம் பதித்திருந்தது. அது நான் செய்தது இல்லை. என் மூடி தட்டையானது. யாரோ என் மகளின் டார்ச்சை வாங்கி மூடியில் வேலை செய்திருக்கிறார்கள். சுத்தமான வேலை. கையைக் கிழிக்காதபடி குழியின் ஓரத்தை லேசாகச் சாய்த்துத் தட்டி மழுக்கியிருந்தது. பிள்ளைகளுக்கு நான் ஓயாமல் சொல்வது அதைத்தான்: கூர் ஓரத்தோடு எதையும் யாரிடமும் கொடுக்காதே.

இதைச் செய்தவனுக்கு லேத் தெரியும். அதுவும் நான் சொல்லிக்கொடுக்கிற மாதிரித் தெரியும்.

ஒரு கடைசி ஐயம் இருந்தது. என் பையிலிருந்து என் டார்ச்சை எடுத்து, அதன் மூடியைக் கழற்றி, அவருடைய டார்ச்சில் வைத்துத் திருகினேன். வெண்ணெயில் இறங்குவது போல ஏறியது.

"ஐயோ, உங்ககிட்டயும் ஒண்ணு இருக்குதே!" என்றார் கோவிந்தன். "அப்ப உங்களுக்கும் அவங்கதான்..." சட்டென்று நிறுத்தி உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"எவங்க?"

"ஒண்ணுமில்லம்மா. கீழ யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"ஆம்பளையா, பொம்பளையா? அதையாவது சொல்லு."

"அம்மா, நான் ஜீப்பு ஓட்டுறவன். வாய ஓட்டுறதில்ல." டார்ச்சை என் கையிலிருந்து மரியாதையாக ஆனால் கெட்டியாக வாங்கிக்கொண்டு, பானெட்டைச் சாத்தினார்.

சபீனாவின் பள்ளிக்கூடம் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். போய் நின்றால் என்ன சொல்வது? வந்த பஸ் திரும்பக் கிளம்பியது. அதிலேயே ஏறிவிட்டேன்.

என் மாணவர்களில் ஒருவன்

மலை இறங்குகிற ஒவ்வொரு வளைவிலும் ஒரு மாணவனின் முகம் வந்தது. நான் சொல்லிக்கொடுத்து அனுப்பியவர்களில் யார் அவன்?

ஒருவன் ஓசூரில் இருக்கிறான், அவ்வளவு தூரத்திலிருந்து வரமாட்டான். கச்சிராயபாளையத்தில் பட்டறை வைத்திருக்கிற ஒருவன் சபீனாவைக் கண்டால் ரொம்ப மரியாதையாக எழுந்து நிற்பான். ஆனால் அவனுக்குக் கல்யாணமாகிவிட்டது, பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தவளே நான்தான். அதனால் அவனை விட்டேன். அடுத்த வளைவில், கல்யாணமானவன் என்றால் இன்னும் மோசம் என்று மறுபடி சேர்த்துக்கொண்டேன். மலையடிவாரத்துக் கோமுகி அணை கண்ணில் படுவதற்குள் நல்ல பையன்கள் எல்லோரையும் கெட்டவர்களாக்கி முடித்திருந்தேன்.

என்னை அரித்தது காதல்கூட இல்லை. நான் கொடுத்ததை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான். அந்த லேத் சம்பவத்துக்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் சொல்வதில்லை. நான் கேட்பது அதிகமானது, அவள் சொல்வது குறைந்தது. இப்படியே போனால் ஒரு நாள் அவள் வீட்டை விட்டுப் போவதும் பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியவரும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் சபீனா வந்தாள். டீ குடிக்கும் வரை பொறுத்துவிட்டுக் கேட்டேன்.

"உன் டார்ச் எங்கடி?"

அவள் தன் பையைத் திறந்தாள். டார்ச்சை எடுத்துச் சாப்பாட்டு மேசை மேல் வைத்தாள். "இந்தா. எதுக்கும்மா?"

தட்டையான பின்மூடி. சுற்றிலும் கோடு. நான் கொடுத்தபோது இருந்தபடியே இருந்தது.

"பேட்டரி பாக்கலாம்னு."

"நேத்துதான் சார்ஜ் போட்டேன்."

மேசை மேல் ஒன்று. என் பையில் ஒன்று. மலையில், பானெட்டில் ஒட்டிக்கொண்டு ஒன்று. அப்படியானால் எவனும் என் மகளின் டார்ச்சை வாங்கவில்லை. யாரோ புதிதாக ஒன்று கடைந்திருக்கிறார்கள், என் தவறையும் சேர்த்து. காந்தம் வைத்த மூடியும் அதே மரை. அந்த மரை என் லேத்தைத் தவிர வேறு எதிலும் விழாது. என் லேத்துக்கோ மின்சாரம் இல்லை.

பைக்குள் கை விட்டேன். ஃபியூஸ் கட்டை அங்கேதான் இருந்தது.

என் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, உங்க கடையில ஃபியூஸ் கட்டை விக்கிறீங்க இல்ல?"

"பெட்டி பெட்டியா வெச்சிக்கினு இருக்கேன். உனக்கு எத்தினி வேணும்?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

சபீனா டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் வேணாம்," என்றேன். "எங்கிட்ட ஒண்ணு இருக்கு."

அவர் கடையிலிருந்து வேறொரு கட்டை அந்த அறைக்குப் போய்விட்டது. அதற்கு மேல் பேசினால் எனக்கு அழுகை வந்துவிடும். மலையில் ஒரு பையன் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுகூடத் தோன்றியது. பையனிடம் பேசிப் பார்க்கலாம். சுற்றுகிற சக்கிடம் யார் பேசுவது?

சனிக்கிழமை

மறுநாள் வழக்கம்போலக் கிளம்பினேன். பஸ் ஸ்டாப் வரை போனேன். பஸ் வந்தது, ஏறவில்லை. திரும்பி நடந்தேன்.

தெருவில் திரும்பும்போதே அந்தச் சத்தம் கேட்டது. பெல்ட் இறுக்கியிருந்தது. சீரான, கனமான சத்தம். என் லேத் அவ்வளவு அழகாக ஓடி நான் கேட்டதே இல்லை.

வாசல் கதவு திறந்திருந்தது. பின்கட்டு அறைக் கதவும் திறந்திருந்தது.

சபீனா எனக்கு முதுகைக் காட்டி நின்று மரை வெட்டிக்கொண்டிருந்தாள். தலையில் அவளுடைய அத்தாவின் பழைய தொழுகைத் தொப்பி. முடி முழுவதையும் சுருட்டி உள்ளே வைத்து, காது வரை இழுத்து விட்டிருந்தாள். கழுத்தில் துப்பட்டா இல்லை. கை முழங்கை வரை மடித்திருந்தது.

எனக்கு அவள் பெயர் தொண்டை வரை வந்தது. அங்கேயே நின்றது.

ஓடுகிற லேத்தின் முன் நிற்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பின்னாலிருந்து தொடக் கூடாது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். கூப்பிட்டால் திரும்புவார்கள். தலை திரும்பினால் கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

அதனால் நிலைப்படியில் கை வைத்து நின்றேன். டூல் பித்தளை மேல் ஊர்ந்து போனது, சுருள் பொன்னிறமாகக் கழன்று விழுந்தது. முனைக்கு வந்ததும் டூலை இழுத்தாள், பின்னால் கொண்டுபோனாள், மயிரிழை ஆழம் கூட்டி மறுபடி விட்டாள். அவள் ஒவ்வொரு முறை குனிந்தபோதும் என் கை என் தலையைப் பிடித்துக்கொண்டது. அவள் குனிந்தது கொஞ்சமாகத்தான், சக்கிலிருந்து தள்ளித்தான். அதெல்லாம் எனக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? கை தலையை விட்டு இறங்கவில்லை.

மரை முடிந்தது. பின்மூடி வருகிற இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி டூலைக் கொண்டுவந்து, மெல்ல அழுத்தி, என் கோட்டை வெட்டினாள். மோட்டாரை அணைத்தாள். சக் சுற்றி ஓய்ந்தது.

"எவ்ளோ நேரமாம்மா நிக்கிற?" என்றாள், திரும்பாமலே.

"தெரியுமா உனக்கு?"

"கதவ எப்பவும் தாழ் போட்டுக்குவேன். நேத்து நீ ஃபியூஸ் கட்டைன்னு சொன்னப்பவே தெரியும், நீ திரும்பி வருவேன்னு. அதான் தெறந்து வெச்சேன்."

நான் கிட்டே போனேன். திட்ட வேண்டியதெல்லாம் வரிசையாக இருந்தது. அதை விட்டுவிட்டு, தொப்பியின் விளிம்புக்குள் விரலை விட்டு அவள் தலையைச் சுற்றி ஓட்டினேன். ஒரு முடி வெளியே இல்லை. இடது காதுக்கு மேலே அந்த வழவழப்பான இடம் விரலில் பட்டது.

"பயமே இல்லையாடி உனக்கு?"

"இருந்துச்சும்மா. அந்தச் சத்தம் தலைக்குள்ள ஓடிக்கினே இருந்துச்சு. கிளாஸ்ல பசங்க பெஞ்ச இழுத்தாக்கூட ஒடம்பு தூக்கிவாரிப் போடும். அத்தாகிட்டதான் சொன்னேன். இத ஒரு வாட்டி ஓட்டி நிறுத்தினப்புறம்தான் அது நின்னுச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்டயா? நீதான் ஃபியூஸ் கட்டைய பையில போட்டுக்கினு ஊரெல்லாம் சுத்துறியே."

சக்கிலிருந்து அந்த டார்ச் உடம்பைக் கழற்றி எடுத்தேன். இன்னும் சூடாக இருந்தது.

"மூட்டத்துல ஒரு நாளு எங்க ஜீப்பு நின்னு போச்சு," என்றாள். "கோவிந்தண்ணன் போன வாயில கவ்விக்கினு ரிப்பேர் பண்றாரு, எச்சில் ஒழுவுது, போன் ரெண்டு வாட்டி எஞ்சினுக்குள்ள வுழுந்துச்சு. அப்புறந்தான் காந்தம் வெச்சி ஒண்ணு செஞ்சு குடுத்தேன். இப்ப எல்லா டிரைவரும் கேக்குறாங்க. காசு வேணாம்னேன். சாமைய கொண்டாந்து தலையில கட்டுறாங்க."

"இந்தக் கோடு எதுக்கு? அது என் தப்பு தெரியுமா?"

"தெரியும், கரண்டு போச்சுன்னு அத்தா சொல்லிட்டாரு. கோடு இல்லாமதான் ரெண்டாவது செஞ்சேன். திருப்பிக் குடுத்துட்டாங்க. அவங்க கட்டவிரல அதுலதான் வெச்சிப் பிடிக்கிறாங்களாம். கோடு இல்லன்னா டீச்சர் டார்ச்சு இல்லையாம்."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் ஒரு டீ பார்சலோடு பின்கட்டுக்கு வந்தார். என்னைப் பார்த்தார், லேத்தைப் பார்த்தார், கையிலிருந்த டீயைப் பார்த்தார்.

"ரஹீமா," என்றார், "உனக்கும் ஒண்ணு சொல்லட்டா?"

"ஃபேனுக்கு எண்ணெ போட்டாங்களா பள்ளிவாசல்ல?"

"போட்டாங்க. ஆனா தெறிக்கல."

சபீனா சிரித்தாள். இந்த முறை அவர் அவளோடு சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பித்தளையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த ஓரத்த இன்னும் கொஞ்சம் தட்டணும்டி," என்றேன். அவருக்கு அப்புறம்தான் மூச்சு வந்தது.

நான் ஒரு நிபந்தனை போட்டேன். லேத்தைத் தொடுவதற்கு முன் எனக்கு ஒரு மிஸ்டு கால். அணைத்த பிறகு ஒரு மிஸ்டு கால். தொப்பி இல்லாமல் ஒரு நொடி கூடாது. அத்தா வீட்டில் இருக்கும்போது மட்டும்தான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"அந்தக் கட்டைய எப்ப பையிலேர்ந்து எடுப்ப?" என்று கேட்டாள்.

"பாக்கலாம்," என்றேன்.

இந்தச் சனிக்கிழமையும் முதல் அழைப்பு வந்தது. நான் வகுப்பில் இருந்தேன். இரண்டாவது வரவில்லை. வழக்கமாக வருகிற நேரம் கடந்தது. கரும்பலகையில் பாதி வரைந்த படத்தை அப்படியே விட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். கேட் வரை நடந்தேன். பைக்குள் டார்ச்சும் ஃபியூஸ் கட்டையும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன. ஆட்டோவுக்குக் கையும் காட்டிவிட்டேன்.

அப்போது போன் அடித்தது. திரையில் அவள் பெயர்.

எடுக்கவில்லை. அது எடுப்பதற்கான அழைப்பு இல்லை. அடித்து முடிந்து தானாக நிற்கும் வரை கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். நின்றதும், "வேணாம்பா, நீங்க போங்க," என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு வகுப்புக்குத் திரும்பினேன்.